பாறையில் ஏறிய மண்

நான் ஈப்போவுக்குப் போனது பாறை பார்க்க அல்ல. பெரியம்மா மகன் ராமையா அண்ணன் மூன்று வருடமாகக் கடிதம் போடவில்லை. நாகப்பட்டினத்தில் தோணி வேலை மழைக்காலத்தோடு படுத்துவிட்டது. எனக்கும் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. "நீதான் சும்மா கெடக்குற, போயிப் பாத்துட்டு வா" என்றாள் பெரியம்மா, அடுத்த தெருவுக்கு அனுப்புகிற மாதிரி. கப்பலில் பட்ட பாட்டை எழுதப்போவதில்லை. எல்லாரும் படுகிற பாடுதான்.

ஈப்போவில் இறங்கியபோது மழை. ஊரைச் சுற்றி வெள்ளைப் பாறைமலைகள் நின்றன. எங்கள் பக்கத்து மலை மெல்ல மெல்ல ஏறும். இங்கே சமதரையிலிருந்து சுவர் மாதிரி திடீரென்று எழும்புகிறது, உச்சியில் மட்டும் தலைமயிர் போலக் காடு. சுற்றிலும் ஈயச் சுரங்கக் குழிகளும் சேறும்.

ஊரை ஒட்டிய புந்தோங்கில் சின்னச்சாமி என்ற சேலத்து வண்டிக்காரர் தன் மாட்டுக்கொட்டகையில் இடம் கொடுத்தார். மாட்டுக்கும் எனக்கும் நடுவில் ஒரு சாக்குத்தான் மறைப்பு. இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது, பிறகு போயிற்று. மூன்றாம் நாள் சீனன் கடையில் காப்பி குடித்தேன். அடியில் கெட்டிப்பால் ஒரு விரற்கடை நிற்கும், மேலே கரிய காப்பி. கலக்கினால் ஒரு ருசி, கலக்காவிட்டால் வேறு ருசி. நான் கலக்காமல் குடித்துவிட்டு அடியில் நின்ற பாலை விரலால் வழித்து நக்கியதைப் பார்த்து, கடைக்காரர் ஒரு கரண்டியைக் கொண்டுவந்து வைத்தார். சிரிக்கவில்லை. அதற்காகவே மறுநாளும் அங்கே போனேன்.

அந்தக் கடையில்தான் யாழ்ப்பாணத்துக் கிராணியாரைப் பார்த்தேன். சுரங்க ஆபீசில் கணக்கு எழுதுகிறவர். வெள்ளைக் கோட்டும் குடையுமாக வந்து எதிரே உட்கார்ந்தார்.

"தம்பி, உமக்கு இங்கிலீஷ் கதைக்கத் தெரியுமோ?"

பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் நாலாம் பாரம் வரை போனேன், பிறகு நின்றுவிட்டேன் என்றேன். தோணியில் இருந்தவன் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. கயிறு முடியத் தெரிந்த, பேச்சும் புரிகிற ஒருவனைத்தான் அவர் ஒரு வாரமாகத் தேடுகிறாராம்.

"எங்கட துரைமார் ரெண்டு பேருக்கு ஞாயிற்றுக்கிழமையில ஒரு விசர். கல்லில ஏறுவினம்" என்றார்.

"மேலே என்ன இருக்கிறது?"

"ஒண்டுமில்லை. ஏறினாப் பிறகு இறங்குவினம்."

ஞாயிறு காலை துரைமாரின் மோட்டாரில் பின்னால் தொற்றிக்கொண்டு போனேன். ஒருவர் நெட்டை, மற்றவர் மூக்குக்கண்ணாடி போட்டவர். குனோங் ராபாட் என்ற பாறைமலைக்குப் போகும் வழியில் சுரங்கச் சேற்றில் சக்கரம் புதைந்தது. எவ்வளவு தள்ளியும் அசையவில்லை. கடைசியில் ஒரு மாட்டுவண்டி வந்து இழுத்துவிட்டது. மோட்டார் கிளம்பியதும் மாடுகள் மிரண்டு வண்டியைக் குழியில் இறக்கிவிட்டன. துரைமார் இறங்கி வந்து அதையும் தூக்கிவிட்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று எழுத எனக்கு வழியில்லை.

பாறையின் அடியில் ஒரு குகை. உள்ளே ஒரு சீனக் கிழவர் வௌவால் எச்சத்தை வாரிச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்; காய்கறித் தோட்டத்துக்கு உரமாம். குகைக்கு வெளியே பாறை மேலிருந்து தாழ்வாரம் மாதிரி முன்னால் நீட்டியிருந்தது. அதன் கீழ் மட்டும் மழை படாத வெள்ளைச் சுவர். நெட்டைத் துரை இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அதில் ஏறத் தொடங்கினார். கயிற்றின் மறுமுனை கண்ணாடித் துரையிடம். அவருக்குப் பின்னால் நான். கல் உருண்டு குகைவாசலில் விழுந்தது. கிழவர் வெளியே வந்து மேலே பார்த்து நீளமாகத் திட்டினார். என்ன சொல்கிறான் என்று கண்ணாடித் துரை கேட்டார். சீனப் பேச்சு எனக்குத் தெரியாது என்றேன். முகம் பார்த்தே புரிந்தது, ஆனால் அதை மொழிபெயர்க்க எனக்குக் கூலி பேசவில்லை.

நெட்டைத் துரைக்குக் கை வேர்த்தது. இரண்டு முறை வழுக்கிக் கயிற்றில் தொங்கினார். தோணியில் நங்கூரக் கயிறு இழுக்கும்போது வேர்வைக் கைக்குக் காய்ந்த மணலைத் தேய்த்துக்கொள்வோம். அதைச் சொன்னேன். நல்ல யோசனை, கொண்டுவா என்றார். இரவு மழையில் சுற்றிலும் தரை முழுக்கச் சொதசொதவென்று இருந்தது. தேடினேன். பாறையில் மார்பு உயரத்தில் ஒரு பொந்து, அதை மூடி ஒரு தட்டைக் கல். கல்லை நகர்த்தினால் உள்ளே ஒரு பிஸ்கோத்து டின். டின்னுக்குள் சிவப்புத் துணிமுடிச்சு, அதனுள் உலர்ந்த செம்மண், இரண்டு கை அளவு.

துணியில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. அதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பிற்பாடு எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்தேன், நிற்கவில்லை. மஞ்சள் கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்தவன் நான்தான்.

மண் நன்றாகப் பிடித்தது. நெட்டைத் துரை தேய்த்துக்கொண்டு ஏறினார், பிறகு மற்றவரும். கைப்பிடிக் கைப்பிடியாக மேலே போய்விட்டார்கள். இறங்கி வந்து எனக்கு ஒரு சிகரெட் கொடுத்து முதுகில் தட்டினார்கள். நான் அந்தச் சிவப்புத் துணியில் கையைத் துடைத்து டின்னில் போட்டு, பொந்தில் வைத்து மூடினேன். குகைவாசலில் கிழவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை சின்னச்சாமி அரிசி மூட்டைகளை ஒரு ரப்பர் தோட்டத்துக்கு ஏற்றிப் போனார். ராமையா அண்ணன் கடைசியாகக் கடிதம் போட்டது அங்கேயிருந்துதான். கூடவே போனேன். மரங்கள் வரிசை வரிசையாக நின்றன. எங்கே திரும்பினாலும் முன்பு பார்த்த இடமே. எங்கள் பக்கத்துத் தென்னந்தோப்பில் காற்றாவது வரும். இங்கே அதுவும் இல்லை, பால் புளித்த வாடைதான்.

கூலிகள் குடியிருக்கும் லயத்தில் பொன்னாயி என்ற பெண் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி விவரம் சொன்னாள். ராமையா அண்ணன் சயாம் பக்கம் ரயில் தண்டவாளம் போடப் போய் இரண்டு வருடம் ஆயிற்று.

"கோவிச்சுக்கிட்டுப் போகலண்ணே. அவருக்குக் கால் ஒரு எடத்துல நிக்காது. ஒங்க வம்சமே அப்படியா?" என்றாள்.

ராமையாவின் தம்பி என்றதால் என்னைச் சாப்பிடாமல் விடவில்லை. கருவாட்டுக் குழம்பு, மரவள்ளிக் கிழங்கு. அவள் புருஷன் வேலு எதிரே உட்கார்ந்திருந்தான். வரும் ஞாயிறு நீயும் வந்துவிடு, கல்லுக்குப் போகிறோம், ஏழு குடும்பமும் சேர்ந்து கருப்பரை இறக்குகிறோம் என்றான். என்ன கல் என்று கேட்டேன். குனோங் ராபாட் பக்கம் தாழ்வாரம் வைத்த வெள்ளைக் கல் என்றான்.

எல்லாரும் புதுக்கோட்டைப் பக்கம் செவக்காட்டுப்பட்டிக்காரர்கள். புறப்படும்போது ஊர்க் கருப்பர் கோவிலில் பூசாரி பிடிமண் எடுத்துப் பொன்னாயி கையில் கொடுத்தாராம். எந்தத் தெய்வத்தையும் வேறிடத்தில் வைக்க வேண்டுமானால் மூலக்கோவிலின் மண் வேண்டும் என்பது இதைப் படிக்கிற எல்லாருக்கும் தெரிந்ததே. பினாங்கில் கப்பலை விட்டு இறங்கியதும் நோய் பார்க்கும் கொட்டடியில் வைத்து மூட்டைகளைப் பிரித்து, துணியை எல்லாம் மருந்துத் தண்ணீரில் முக்கினார்கள். மண்ணைக் கண்டால் கொட்டிவிடுவார்கள்.

"மூத்த புள்ள அரணாக்கயித்துல முடிஞ்சு கொண்டாந்தேன். புள்ள அடுத்த வருசமே போயிருச்சு. மண்ணு இருக்கு, அந்தக் கல்லுப் பொந்துல" என்றாள் பொன்னாயி.

இரண்டாவதும் நிற்கவில்லை. இடுப்பில் இருந்தது மூன்றாவது, பத்து மாதம். கருப்பர் முன்னால் முடி இறக்கினால்தான் பேர் வைப்பது என்று வேண்டுதல். அதுவரை குப்பை என்றே கூப்பிட்டார்கள். குப்பை என் தட்டில் கை வைத்துக் கருவாட்டை எடுத்தது.

தோட்டத்திலேயே கோவில் கட்டக் கூடாதா என்றேன். பேச்சை வேறு பக்கம் திருப்பத்தான் கேட்டேன்.

"மரம் வயசாச்சுன்னா வெட்டுவாங்க, லயத்தப் பிரிப்பாங்க, நம்மளத் தூக்கி வேற தோட்டத்துல போடுவாங்க. கல்லுல எந்தத் துரையும் கித்தா மரம் நட முடியாதுல்ல?" என்றான் வேலு.

அப்போது சொல்லியிருக்கலாம். நான் இரண்டாவது முறை சோறு வாங்கினேன். குழம்பு நன்றாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை அந்தப் பாறைக்கு நடந்தே போனேன். கிழவரைக் காணவில்லை. வெள்ளைச் சுவரை அண்ணாந்து பார்த்தேன். துரைமாரின் கைகள் பட்ட இடமெல்லாம் சிவந்திருந்தது. ஐந்து விரலும் உள்ளங்கையுமாக, ஒன்றுக்கு மேல் ஒன்று, தாழ்வாரத்தின் விளிம்பு வரை போயிற்று. அங்கே மழை படாது. போன ஞாயிறு பதிந்தது அப்படியே இருந்தது. செவக்காட்டுப்பட்டி மண் கடல் தாண்டி வந்து பாறையில் ஏறியிருந்தது.

எட்டிய உயரம் வரை நகத்தால் சுரண்டினேன். உளுந்து அளவு சேர்ந்தது. இனிச் சுரண்டினால் சுண்ணாம்புதான் வரும். மேலே ஏறிச் சுரண்ட எனக்குத் துணிவில்லை.

திரும்பும்போது சாலை வெட்டிய மேட்டில் செம்மண் தெரிந்தது. துண்டில் கட்டிக்கொண்டேன். ஈரக் களிமண். புந்தோங் வந்து சட்டியில் போட்டு அடுப்பில் ஏற்றினேன். சின்னச்சாமி மாட்டைக் கட்டிவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன மச்சான், மண்ண வறுக்கிற? அரிசி தீந்துபோச்சா?"

வயிற்றுக்கு ஒத்தடம் என்றேன். ஒத்தடத்துக்கு எதற்குச் சலிக்கிறாய் என்று கேட்டார். வேட்டி முனையில் சலித்துக்கொண்டே இருந்தேன். நிறம் ஒத்து வந்தது. தொட்டால் மட்டும் வேறு. ஊர் மண் நறநறக்கும், இது மாவு. சனிக்கிழமை போய் அதைச் சிவப்புத் துணியில் முடிந்து, சுரண்டிய உளுந்தளவை மேலே தூவி, மஞ்சள் கயிற்றைக் கட்டி டின்னில் வைத்தேன். என் பல் பட்ட இடத்தில் கயிறு பிசிறியிருந்தது.

ஞாயிறு துரைமாரோடு போய்ச் சேர்ந்தபோது பாறையடியில் பொங்கல் பானைகள் ஏறிவிட்டன. முப்பது பேருக்குக் குறையாது. ஒருவர் பறை அடித்தார், புகை நேரே வெள்ளைச் சுவரில் ஏறியது. டின் ஒரு வாழையிலையில், மாலை போட்டு. குப்பை அதன் எதிரே உட்கார்ந்து இலையின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டிருந்தது.

கண்ணாடித் துரை முகம் சுளித்து, இவர்களை அந்தண்டை போகச் சொல், கல் விழும், புகை கண்ணைக் கரிக்கிறது, வாரத்தில் எங்களுக்கு ஒரு நாள்தான் என்றார். போய்ச் சொன்னேன். வேலு எழுந்தான்.

"எங்களுக்கு வருசத்துல ஒரு நாளுதான்னு சொல்லு. மூணு வருசமா லீவு கேட்டு இன்னைக்குத்தான் குடுத்தாங்க. ஏறி என்ன செய்யப் போறாரு? மேல மாங்காயா காய்ச்சிருக்கு?"

"வேண்டுதலா இருக்கும்யா, பாவம்" என்றார் பறைக்காரர். எல்லாரும் சிரித்தார்கள்.

"ஏறுனா ஏறட்டும். ஆணி அடிச்ச சப்பாத்தோட சாமி தலைக்கு மேல ஏறப்படாது. அதையும் சொல்லுண்ணே" என்றாள் பொன்னாயி.

நான் துரையிடம் போய், சற்று ஒதுங்கிக்கொள்கிறார்களாம் என்று மட்டும் சொன்னேன். அவர்களிடம் திரும்பி, துரை யோசிக்கிறார் என்றேன். தோணியில் இரண்டு பக்கமும் சரக்கைச் சமமாக வைக்கிற மாதிரி இரண்டு பக்கமும் பொய்யை வைத்தேன். நெட்டைத் துரை உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினார். வழுக்குப் பாறைக்கு ரப்பர் அடி போட்ட துணிச் செருப்புதான் ஆகும் என்று அவர் போன வாரமே சொல்லியிருந்தார். இங்கே பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சொன்னவுடன் துரை கழற்றிவிட்டாரே, நல்ல மனுஷன் என்றார் பறைக்காரர். பானையை இரண்டு அடி நகர்த்தினார்கள். என்னால் சமாதானம் ஆகிவிட்டதென்று ஒரு நிமிஷம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போதுதான் புகை விலகியது. பொன்னாயி அண்ணாந்து பார்த்தாள்.

பிறகு வேலுவின் தோளைத் தொட்டாள். "அங்க பாருங்க. கை."

பறை நின்றது. செக்கச் சிவந்த கைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பாறையில் ஏறிப் போவதை எல்லாரும் பார்த்தார்கள். ஒரு பெண் குலவையிட்டாள். நாம் இறக்குவதற்கு முன்னால் அவரே வந்து ஏறிவிட்டார் என்றார்கள். மூன்று வருஷம் டின்னுக்குள் எப்படி இருப்பார் என்றார்கள். பொன்னாயி பிள்ளையைத் தூக்கி அதன் முகத்தை மேலே திருப்பிக் காட்டினாள். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. வாய் மட்டும் அசைந்தது.

குகைக்குள்ளிருந்து கிழவர் வந்தார். கூட்டத்தைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்னைக் கையால் காட்டி, இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துத் தேய்த்து, பாறையைக் காட்டினார். மறுபடியும் அதையே செய்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"சீனத் தவுக்கேகூடக் கும்பிடுறாரு பாருங்க" என்றாள் பொன்னாயி. அவர் கையில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்தாள். கிழவர் என்னையே பார்த்தபடி அதை வாங்கிக்கொண்டார்.

இதற்குள் நெட்டைத் துரை கயிற்றைக் கட்டிக்கொண்டு சுவரை நெருங்கிவிட்டார். போன வாரம் ஏறிய அதே தடம், அதே பிடிகள். முதல் சிவப்புக் கையின்மேல் தன் கையை வைக்கப் போனார். வேலு அரிவாளைத் தரையிலிருந்து எடுத்தான், ஆட்டுக்கு வைத்திருந்தது. எடுத்தானே தவிர ஓங்கவில்லை.

நான் ஓடிப் போய்த் துரையின் முழங்கையைப் பிடித்தேன். துரையைத் தொட்டது அது ஒரு முறைதான். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்: "துரை, அன்றைக்கு நான் கொடுத்த மண் இவர்களுடைய கோவில். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கொண்டுவந்தது. எனக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன்."

அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. மறுபடி கேட்டார், மறுபடி சொன்னேன். அவர் பாறையைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். பிறகு தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்து, கால்சட்டையில் துடைக்கப் போய், துடைக்காமல் நிறுத்தினார். இவர்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினார். கண்ணாடித் துரை ஏதோ முணுமுணுத்தார். மோட்டார் போயிற்று. என்னைக் கூப்பிடவில்லை, அதன்பின் எந்த ஞாயிறும் கூப்பிடவில்லை.

"என்னண்ணே சொன்ன?" என்றான் வேலு. அரிவாளைக் கீழே போட்டிருந்தான்.

வெள்ளைக்காரனிடம் சொல்ல எனக்கு வாய் வந்தது. இப்போதும் அதே வாய்தான்.

"சாமி இருக்குன்னு சொன்னேன்" என்றேன்.

துரையையே திருப்பி அனுப்பியவன் என்று எனக்கு முதல் மரியாதை. டின்னைப் பிரித்து மண்ணைக் கொட்டி, தண்ணீர் விட்டுப் பிசைந்து, அதன்மேல் கல்லை நட்டார்கள். பிசைந்த பொன்னாயியின் கை ஒரு கணம் நின்றது. விரல்களைச் சேர்த்து உரசிப் பார்த்தாள். நறநறப்பைத் தேடினாளோ, வேறெதையோ, எனக்குத் தெரியாது. மறுபடியும் பிசைந்தாள். பிள்ளைக்கு முடி இறக்கி முத்துக்கருப்பன் என்று பேர் வைத்தார்கள். பிறகு அவள் சேற்று விரலோடு என்னிடம் வந்தாள்.

"குனிண்ணே. நம்ம பக்கத்து மண்ணு."

குனிந்தேன். நெற்றியில் பூசினாள். சாலைமேட்டுக் களிமண், குளிர்ந்திருந்தது.

"ஊருக்குத்தான போற? செவக்காட்டுப்பட்டிக்கு ஒரு எட்டுப் போயி, மண்ணு பத்தரமா வந்து சேந்துருச்சுன்னு பூசாரிகிட்டச் சொல்லிடு. கேட்டாருன்னா, புள்ளைக்குப் பேரு வச்சாச்சுன்னும் சொல்லு" என்றாள்.

சொல்கிறேன் என்றேன்.

நாகப்பட்டினம் திரும்பி, ராமையா அண்ணன் சயாமில் இருப்பதைப் பெரியம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் அழுதுவிட்டு, சரி என்றாள். அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. தோணியில் இரண்டு தரம் யாழ்ப்பாணம் போய்வந்தேன், சந்தனக்கூட்டுக்கு நாகூர் போனேன், ஒரு காரணமும் இல்லாமல் மதுரைவரை போனேன். செவக்காட்டுப்பட்டிக்குத் திருச்சிவரை ரயில், அதற்கப்பால் ஒரு பகல் நடை. வழியெல்லாம் விசாரித்து வைத்திருக்கிறேன். இன்னும் போகவில்லை.